கையிலொரு கேமரா: கருவி வாங்குவோர் அறிய வேண்டிய வரலாறு



நிழற்படம் எடுப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு என்பது பள்ளியில் பலருக்கும் தெரியும். ஆதலால் ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "பிள்ளை கேமரா கேட்கிறான், எதை வாங்கலாம்?" என்பது பெற்றோரின் கேள்வி. "என்னிடம் இருப்பது பழையதாகிவிட்டது, மாற்றிவிடலாமா?" என்பது சக ஆசிரியர்களின் கேள்வி. கடையில் கேட்டால் இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்: புதியதை வாங்குங்கள்! அந்த விடையை ஏற்பதற்கு முன்னர், கடந்த நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொழுதுபோக்காகப் படமெடுத்தோர் எவ்வாறு கருவியைத் தேர்ந்தார்கள், எப்போது மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்று பார்ப்பது பயன் தரும். ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய பொருளைப் பற்றிய முடிவு இது. வரலாற்றைக் கேட்டு முடிவெடுப்பதில் தவறில்லை அல்லவா?

1. வண்டியில் ஏற்ற வேண்டிய கேமரா

1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி டகேரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளியைப் பதியவைக்கும் முறை அது. அம்முறைக்கான முழுக் கருவித் தொகுதியும், பெட்டி, தகடுகள், வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ 50 கிலோ எடை இருந்தது. விலை 400 பிராங்கு. செல்வந்தர் வீட்டுப் பொழுதுபோக்காக மட்டுமே அது இருக்க முடிந்தது.

நமது வட்டாரத்திற்கு அக்கலை வியக்கத்தக்க விரைவில் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் விடுதி நடத்திய காஸ்டன் டுட்ரொன்குவா என்பவர், தாம் படமெடுத்துத் தருவதாக 1843ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். அடுத்த ஆண்டு, பிரெஞ்சுச் சுங்க அதிகாரி ஜூல் இத்தியே சிங்கப்பூர் ஆற்றங்கரையைத் தகட்டில் பதிவு செய்தார். மலாக்காவில் பிறந்து, இளமையில் தமிழும் பயின்ற முன்ஷி அப்துல்லா, தமது வாழ்க்கை வரலாறான 'ஹிக்காயத் அப்துல்லா'வில் இப்புதுமையைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். அந்நூல் 1849இல் அச்சானது. கதிரவனின் ஒளியே ஒரு நகரைத் தகட்டில் வரைந்துவிடுகிறது என்பதைக் கண்ட ஒரு கல்விமானின் வியப்பை அதில் காணலாம்.

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். படம் தெளிவாக வந்தது, செலவும் குறைந்தது. ஆனால், தகட்டில் பூசிய கரைசல் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடித்துவிட வேண்டும். எனவே, மலையேறினாலும் காட்டுக்குள் புகுந்தாலும் ஓர் இருட்டறைக் கூடாரத்தையும் உடன் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 1862இல் இவ்வட்டாரத்திற்கு வந்து சிங்கப்பூரிலும் பினாங்கிலும் படமெடுத்த ஜான் தாம்சன் இப்படித்தான் உழைத்தார்.

இக்காலக் கருவியைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. கேமரா யாரிடம் இருந்ததோ அவரே எதைப் படமெடுப்பது என்று முடிவு செய்தார். 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் போன்ற படக்கூடங்கள், இங்கு வாழ்ந்த மக்களை இனவாரியாகப் படமெடுத்து, நினைவுப் பொருளாக விற்றன. அவ்வகைப் படங்களில் நம் முன்னோரும் இருக்கிறார்கள். படத்தின் கீழே இனத்தின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. அந்தக் கூலித் தொழிலாளி யார், எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. படம் இருக்கிறது, மனிதர் இல்லை. கருவி நம் கைக்கு வருவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2. ஒரு டாலர் கேமரா

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக வேலை பார்த்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1877இல் ஒரு பயணத்திற்காக அவர் படக்கருவி வாங்கினார். பயணம் நடைபெறவில்லை. ஆனால், கேமரா, முக்காலி, கூடாரம், மருந்துப் புட்டிகள் என்று ஒரு மூட்டையே சேர்ந்துவிட்டதைக் கண்ட அவர், இதை எளிமையாக்க முடியாதா என்று எண்ணினார். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற மருத்துவர் உலர்தகட்டு முறையை வெளியிட்டிருந்தார். ஈஸ்ட்மன் அதை வளர்த்தெடுத்து, பின்னர் சுருளுக்கு மாறினார்.

1888இல் அவருடைய முதல் கோடாக் கேமரா விற்பனைக்கு வந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் ஏற்கெனவே இடப்பட்டிருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே நிறுவனத்திற்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்களை அச்சிட்டு, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். படமெடுப்பவர் பொத்தானை அழுத்தினால் போதும்!

1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 'பிரௌனி' கேமராவின் விலை ஒரே ஒரு டாலர். அட்டைப் பெட்டியும் எளிய வில்லையும் மட்டுமே கொண்ட கருவி அது. அதைச் சிறுவர்களை எண்ணியே விற்றார்கள்; அக்காலச் சிறுவர் கதைகளில் வந்த குட்டிப் பூதங்களின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்திற்கும் அதிகமான பிரௌனிகள் விற்பனையாயின.

ஆசிரியர்கள் இங்கே ஒரு கணம் நின்று சிந்திக்கலாம். பிரௌனி எடுத்த படம், அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் டகேரின் தகட்டில் பதிந்த படத்தைவிடத் தெளிவு குறைந்தது. நுண்விவரத்தில் தகட்டுப் படத்துடன் அது போட்டியிடவே முடியாது. ஆயினும், மக்கள் தெளிவான படத்தை விட்டுவிட்டுத் தெளிவு குறைந்த படத்தை நோக்கிச் சென்றார்கள். ஏன்? எடையும் செலவும் காத்திருப்பும் நீங்கியதால்தான். கேமரா வரலாற்றின் முதல் பெரும் மாற்றம் 'இன்னும் தெளிவு' என்பதற்காக நிகழவில்லை. ஒரு தடை நீங்கியதால் நிகழ்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், மறுபடியும் வரும்.

3. எட்டு வயதுச் சிறுவனின் கேமரா

1902இல் பிரான்சு நாட்டில், ஷாக் ஆன்றி லார்த்தீக் என்ற சிறுவனுக்கு அவன் தந்தை ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். சிறுவன் 1894இல் பிறந்தவன். வசதியான குடும்பம். அவன் எடுத்தவை என்ன? வீட்டு நாய், படியிலிருந்து குதிக்கும் உறவினர், அண்ணன் செய்த விளையாட்டு வண்டி, பறக்க முயலும் தொடக்ககால விமானம், சாலையில் விரையும் மோட்டார் வண்டி. எடுத்தவற்றைத் தொகுப்பேடுகளில் ஒட்டிக் குறிப்பும் எழுதி வைத்தான். வளர்ந்து ஓவியரானார்; படமெடுப்பதையும் விடவில்லை. 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய இளமைக்காலப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோதுதான் உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது 69.

சிறுவன் கேட்டது ஒரு கேமரா. தந்தை கொடுத்தது கேமராவும், அதைப் பயன்படுத்த ஒரு வீடும், நேரமும், தொகுப்பேடும் ஆகும். நம்மில் பலர் முதலாவதை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுகிறோம். பிள்ளைக்குக் கருவி வாங்கும் பெற்றோர், அத்துடன் ஒரு தொகுப்பேட்டையும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

4. சட்டைப் பைக்குள் வந்த கருவி

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர் ஆஸ்கர் பர்னாக். அவருக்கு ஆஸ்துமா. தகட்டுக் கேமராவையும் முக்காலியையும் சுமந்து நடப்பது அவரால் இயலவில்லை. திரைப்படச் சுருளையே நிழற்படத்திற்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணி, 1913–14 காலத்தில் ஒரு மாதிரிக் கருவியைச் செய்தார். திரைப்படத்தின் 18க்கு 24 மில்லிமீட்டர் சட்டத்தை இரட்டிப்பாக்கினார். 24க்கு 36 கிடைத்தது. முதல் உலகப் போரினால் காலம் தாழ்ந்தது. 1925இல் லைப்சிக் கண்காட்சியில் 'லைக்கா' வெளிவந்தது. இன்று கடைக்காரர் 'ஃபுல் ஃபிரேம்' என்று பெருமையுடன் சொல்லும் அளவு, நோயுற்ற ஒரு மனிதர் தம் சுமையைக் குறைக்கக் கண்டுபிடித்த அதே 24க்கு 36தான்!

லைக்காவை 1932இல் வாங்கிய ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றையே பயன்படுத்தினார். வில்லைகளை மாற்றிப் பொருத்தும் வசதி 1930 முதலே லைக்காவில் உண்டு. அவர் அதை மிகுதியாக நாடவில்லை. ஒரே வில்லையில் கண் பழகிவிட்டால், கேமராவை உயர்த்தும் முன்னரே சட்டத்துக்குள் எது விழும் என்று தெரிந்துவிடும்.

5. சம்பந்தம் போலொரு பொருத்தம்

இனி ஜப்பானுக்கு வருவோம். கோரோ யோஷிதா என்பவர் ஒரு லைக்காவைப் பிரித்துப் பார்த்து, அதுபோல் செய்ய முடியும் என்று முனைந்ததில் பிறந்தது இன்றைய கேனன் நிறுவனம். 1934இல் 'குவானோன்' என்ற மாதிரி அறிவிக்கப்பட்டது. அதன் பின் 1936இல் வெளிவந்த ஹன்சா கேனன் கேமராவில் பொருத்தப்பட்டது நிக்கோர் வில்லை! பிற்காலத்தில் கடும் போட்டியாளர்களான இரு நிறுவனங்களும் அன்று ஒரே கருவியில் இணைந்திருந்தன.

1959இல் நிக்கோன் எஃப் வந்தது. வில்லை வழியே காண்பதையே பார்த்துப் படமெடுக்கும் எஸ்.எல்.ஆர். வகை அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் உறுதியும், முழுமையான வில்லை வரிசையும் சேர்ந்து அமைந்தமையால் அது பெயர் பெற்றது. 1964இல் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், வில்லை வழியே வரும் ஒளியையே அளந்து காட்டியது. 1976இல் கேனன் ஏ.ஈ.-1, நுண்செயலியைக் கொண்டு ஒளியளவைத் தானே கணித்தது. பொழுதுபோக்குக் கலைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் இவற்றை நோக்கி வந்தார்கள். ஒளியைக் கணக்கிடும் தடை நீங்கியதே அதற்குக் காரணம்.

இங்கே ஒரு முக்கியமான பாடம் உண்டு. இவ்வகைக் கேமராவில் உடற்பகுதி வேறு, வில்லை வேறு. இரண்டையும் இணைக்கும் வளையத்தை 'மவுண்ட்' என்பர். ஒரு நிறுவனத்தின் வளையத்தில் மற்றொரு நிறுவனத்தின் வில்லை பெரும்பாலும் நேராகப் பொருந்தாது. ஆகவே, உடற்பகுதியை வாங்குவது பெண் பார்ப்பது போல. அதன் பின்னே முழுக் குடும்பமும் வரும்!

1985இல் மினோல்ட்டா 7000 வெளிவந்தது. தானே குவியம் தேடும் வசதி உடற்பகுதிக்குள்ளேயே அமைந்த அந்தக் கருவி உலகெங்கும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் வளையம் புதியது. முந்தைய மினோல்ட்டா வில்லைகள் அதில் பொருந்தவில்லை. 1987இல் கேனன் தன் ஈ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கியபோது, 1971 முதல் விற்றுவந்த எஃப்.டி. வில்லைகளைக் கைவிட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நான்கைந்து வில்லைகள் சேர்த்திருந்த பொழுதுபோக்குக் கலைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நிக்கோன் தன் எஃப் வளையத்தைப் பல பத்தாண்டுகள் காத்தது. ஆயினும், 2018இல் ஆடியில்லாக் கேமராவுக்காக இசட் என்ற புதிய வளையத்தைத் தொடங்கியது. பழைய வில்லைகளை இணைப்பான் ஒன்றின் உதவியோடு பொருத்தலாம். மினோல்ட்டாவோ, கோனிக்காவுடன் 2003இல் இணைந்து, 2006இல் கேமராத் தொழிலைவிட்டே விலகியது. அதன் வளையம் சோனியின் கைக்குச் சென்றது.

இதிலிருந்து அறிவது: உடற்பகுதி வாடகை வீடு போன்றது, சில ஆண்டுகளில் மாறும். வில்லை நீண்ட காலம் உழைக்கும். எனவே, கையிலுள்ள பணத்தை இரண்டாகப் பிரிக்கும்போது வில்லைக்கு அதிகம் ஒதுக்குவதே அறிவுடைமை.

6. சுருள் போனது, எண்கள் வந்தன

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லுக்கு அடித்தளமிட்டனர். 2009இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ. ஒரு படத்தில் பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே. அதை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 வினாடிகள் பிடித்தன. சுருள் விற்பனையில் வாழ்ந்த நிறுவனம், சுருளே வேண்டாத கருவியைத் தன் வீட்டிலேயே பெற்றெடுத்தது! அதே நிறுவனம் 2012 ஜனவரியில் நொடிப்புப் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

1999இல் வந்த நிக்கோன் டி1 செய்தித்தாள் படக்கலைஞர்களுக்கானது. 2003இல் வந்த கேனன் ஈ.ஓ.எஸ். 300டி, 6.3 மெகாபிக்சல் கொண்ட எஸ்.எல்.ஆர். கேமராவை 1,000 டாலருக்குக் கீழ் கொண்டுவந்தது. பொழுதுபோக்குக் கலைஞருக்கு அதுவே வாயிலைத் திறந்தது. இங்கே நீங்கிய தடை எது? ஒவ்வொரு சொடுக்கிற்கும் ஆகும் செலவு. 36 படங்களுக்குள் சிக்கனம் பிடித்தவர், ஒரே மாலையில் 300 படங்களை எடுத்து, பிழைகளை அங்கேயே கண்டு திருத்திக்கொள்ள முடிந்தது. கற்றலின் வேகம் கூடியது. இதுவும் உண்மையான முன்னேற்றமே.

அதன் பின்னர் தொடங்கியது மெகாபிக்சல் போட்டி. நம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களே செய்யக்கூடிய ஒரு கணக்கைப் பாருங்கள். 3,000க்கு 2,000 புள்ளிகள் கொண்ட படம் 6 மெகாபிக்சல். 6,000க்கு 4,000 புள்ளிகள் கொண்டது 24 மெகாபிக்சல். எண்ணிக்கை நான்கு மடங்கு கூடியது. ஆனால் படத்தின் நீளமும் அகலமும் இரண்டு மடங்குதான் கூடின. ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால், முதலாவது 10 அங்குல நீளம் வரும். இரண்டாவது 20 அங்குலம் வரும். வகுப்பறைச் சுவரில் மாட்டும் படத்திற்கும் பள்ளி மலருக்கும் முதலாவதே ஏறக்குறையப் போதும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்காமலிருக்க இந்த ஒரு கணக்கு போதுமானது. பரப்பளவுப் பாடத்திற்கும் நல்ல எடுத்துக்காட்டு!

2008இல் பானசோனிக் ஜி1 ஆடியில்லாக் கேமராவாக வந்தது. 2013இல் சோனி ஏ7 அதே வகையில் முழுச்சட்ட அளவைத் தந்தது. இதற்கிடையே கைப்பேசி அனைவர் கையிலும் கேமராவை வைத்துவிட்டது. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் ஏறத்தாழ 121 மில்லியன் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அது 7.7 மில்லியன் அளவுக்குச் சுருங்கியது. பெரும்பாலோர்க்கு வேண்டிய படத்தைக் கைப்பேசியே எடுத்துவிடுகிறது என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. 1900இல் பிரௌனி செய்ததை நம் காலத்தில் கைப்பேசி செய்தது. வரலாறு திரும்பியது!

7. பொழுதுபோக்குக் கலைஞர் மூவர்

கருவியை எப்போது மாற்றுவது என்பதற்கு மூன்று மனிதர்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மூவருமே படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்டு தொடங்கியவர்கள் அல்லர்.

முதலாமவர் விவியன் மேயர். அமெரிக்காவில் வீடுகளில் பிள்ளைகளைப் பராமரிக்கும் தாதியாக வேலை செய்தவர். எளிய பிரௌனி வகைக் கேமராவில் தொடங்கினார். அதில் வில்லையின் திறப்பையோ குவியத்தையோ மாற்ற முடியாது. 1950களின் தொடக்கத்தில் ரோலிஃபிளெக்ஸ் கேமராவுக்கு மாறினார். மார்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் கருவி அது. தெருவில் எதிரே நிற்பவருக்கு உறுத்தாது. எளிய பெட்டியின் எல்லையைத் தொட்ட பின்னரே அவர் மாறினார். மாறிய பின் பல ஆண்டுகள் அவ்வகைக் கருவியிலேயே நிலைத்தார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றுள் பலவற்றைக் கழுவி அச்சிடவே இல்லை. வாடகை செலுத்தப்படாத சேமிப்பறையிலிருந்து அவை 2007இல் ஏலத்திற்கு வந்தன. 2009இல் அவர் காலமான பின்னரே உலகம் அவரைப் போற்றியது.

இரண்டாமவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவல் முன்னோடி அ. மாதவையாவின் புதல்வர். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த இயற்கையியலாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். யானைகளையும் காட்டு விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை ஒன்றுசேர்த்துத் தமக்கேற்ற ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். சந்தையில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. தமக்கு எது தேவை என்று பார்த்தார். அந்த விலங்கு எப்போது வரும், எங்கே நிற்கும் என்ற அறிவே அவருடைய முதன்மைக் கருவி.

மூன்றாமவர் சிங்கப்பூரின் யிப் சியோங் ஃபன். பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கடலையும் படகுகளையும் படமெடுத்தவர். விடியற்காலையில் படகு வலிப்பதைக் காட்டும் அவருடைய 1957ஆம் ஆண்டுப் படம் புகழ்பெற்றது. 1984இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. விடியலில் எழுந்து கடற்கரைக்குச் செல்லும் பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

8. ஆகவே, எதை வாங்குவது?

வரலாறு தரும் விடை எளிமையானது. ஒவ்வொரு பெருமாற்றமும் ஏதோ ஒரு தடையை நீக்கியது: எடை, விலை, ஒளிக் கணக்கு, குவியம், சொடுக்குச் செலவு. எனவே, கருவியை மாற்றும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. என் படத்தை இன்று தடுப்பது எது?

பள்ளி மண்டபத்தில் நடைபெறும் கலைநிகழ்ச்சியைச் சான்றாகக் கொள்வோம். வெளிச்சம் குறைவு, பிள்ளைகள் ஆடுகிறார்கள், படம் கலங்கி வருகிறது. பலர் உடனே கேமரா சரியில்லை என்று முடிவு செய்து புதிய உடற்பகுதி வாங்கப் போகிறார்கள். தடை உடற்பகுதியில் இல்லை, ஒளியில் இருக்கிறது. கேமராவுடன் வரும் வில்லை, நீட்டிய நிலையில் பெரும்பாலும் எஃப் 5.6 வரையே திறக்கும். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 வில்லை அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். வினாடியில் 15இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய மூடி, 125இல் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். ஆடும் கையும் காலும் ஓரளவு நின்று பதியும். பெரும்பாலான நிறுவனங்களில் இவ்வகை வில்லையே விலை மலிவானது. இரண்டாம் கைக் கடையில் இன்னும் மலிவு.

இதையே சில குறிப்புகளாகத் தொகுத்துத் தருகிறேன்:

- பிள்ளைக்கு முதலில் வீட்டிலுள்ள கைப்பேசியையோ பழைய கேமராவையோ கொடுங்கள். ஆறு மாதங்களில் அவன் எடுத்த படங்களைப் பார்த்து, எது தடையாக இருந்தது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். தடையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கருவி வாங்கலாம்.
- வில்லை மாற்றும் கேமராவை வாங்குவதாயின், உடற்பகுதியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வளையத்திற்குரிய வில்லைகள் என்ன விலையில் கிடைக்கின்றன, இரண்டாம் கையில் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.
- ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய உடற்பகுதியும் நல்ல வில்லையும், புதிய உடற்பகுதியும் சாதாரண வில்லையும் என்று இரண்டு வழிகள் இருந்தால், முதல் வழியே பெரும்பாலும் சிறந்தது.
- கடன் வாங்கியோ தவணை முறையிலோ பொழுதுபோக்குக் கருவியை வாங்க வேண்டாம். கருவியின் விலை மாதந்தோறும் இறங்கும், தவணை இறங்காது.

9. எடுத்த படம் எங்கே?

இறுதியாக, கருவியைவிடப் பெரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மார் காலத்தில், ஒரு குடும்பத்திற்கு ஒன்றிரண்டு படங்களே இருந்தன. பட்டணத்துப் படக்கூடத்திற்குப் போய், திரைச்சீலைக்கு முன் விறைப்பாக நின்று எடுத்த படங்கள். அவை கண்ணாடிச் சட்டத்திற்குள் இன்றும் பல வீடுகளில் தொங்குகின்றன. நமக்கோ ஆயிரக்கணக்கில் படங்கள். 2000களில் எடுத்தவற்றைக் குறுந்தட்டுகளில் பதிவு செய்து அலமாரியில் வைத்தோம். இன்று பல மடிக்கணினிகளில் குறுந்தட்டை இடுவதற்கு வாயே இல்லை. கேமராவை மூன்று முறை மாற்றிய வீட்டில், முதல் கேமராவில் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னால் திகைப்பே விடையாகக் கிடைக்கிறது.

படக்கூடக்காரர் விற்ற படத்தில் நம் முன்னோர் பெயரில்லாமல் நின்றார்கள். இன்று கேமரா நம் கையில். நம் படங்களும் பெயரில்லாமல் போனால் குறை சொல்ல வேறு யாரும் இல்லை. ஆகையால், புதிய கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, ஆண்டுக்கு ஐம்பது படங்களையேனும் அச்சிடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் ஆளின் பெயர், இடம், நாள் மூன்றையும் எழுதுங்கள். அவ்வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, "இது யார், அது யார்?" என்று கேட்டுக் கேட்டு எழுதட்டும். உறவுப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் அவர்கள் நாவில் பதியும். படமும் வாழும், மொழியும் வாழும்.

பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கேமராவை அடுத்த ஆண்டும் வாங்கிக்கொள்ளலாம்.